நாற்று முடியை எண்ணிய நாள்

மூணு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சம்பா நடவு ஓடிக்கொண்டிருந்தது. முந்தாநாள்தான் கடைசிக் கழனியிலும் நாற்று பச்சை பிடித்தது. இனி பத்து நாளைக்குத் தண்ணி கட்டுவதும், நண்டு வளை அடைப்பதும்தான் வேலை. அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நடவு அன்றைக்கு அக்கா மகன் வந்திருந்தான். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இந்த வருஷம்தான் டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள். ஸ்வீட் பாக்ஸோடு வந்தவன், ஸ்வீட்டைக் கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா ஆச்சு?"

"எட்டு பேர் டீம் மாமா. மூணு பேர் பேப்பர் போட்டுட்டாங்க. நான் வந்து நாலு மாசம்தான் ஆவுது."

கம்பெனியில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்களாம். உச்ச செயல்திறன் கொண்ட குழுவை உருவாக்குவது எப்படி என்று. மஞ்சள் சீட்டு ஒட்டி, பந்து தூக்கிப் போட்டு விளையாடி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். திங்கட்கிழமை ஆபீஸ் போனால் மூன்றாவது ஆள் ராஜினாமா கொடுத்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் போன வருஷம் இதே கழனியில், இதே புரட்டாசியில், என்னுடைய மொத்த டீமும் காலை பதினோரு மணிக்குக் கரையேறிப் போய்விட்டது. அந்தக் கதையை அவனிடம் சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஆபீஸில் நாலு பேரை மேய்க்கிறவர்கள், அல்லது யாராலோ மேய்க்கப்படுகிறவர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சின்ன அறிமுகம். வீடு முத்தாபுதுப்பேட்டையில். விமானப்படை நிலையத்து மதிலுக்கு இந்தப் பக்கம். ஆவடி மாநகராட்சி ஆகிவிட்டாலும் வடக்கே பாலவேடு பக்கம் போனால் இன்னும் கழனி இருக்கிறது. அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் அங்கேதான். அதற்கு முன்னால் 14 வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்தேன். அந்த 14 வருஷத்துப் புத்திதான் போன வருஷம் என்னைக் கவிழ்த்தது.

நடந்தது இதுதான்.

பாபட்லா நெல். நாற்றுக்கு 34 நாள் ஆகிவிட்டது. 25-லிருந்து 30 நாளுக்குள் பிடுங்கி நட்டிருக்க வேண்டும். சேடை ஓட்ட டிராக்டர் கிடைக்காமல் தள்ளிப்போனது. நாற்று முத்திப் போனால் தூர் கட்டுவது குறையும். ஒவ்வொரு நாளும் வயிற்றைக் கலக்கியது. அதோடு வானிலை அறிக்கையில் மறுநாள் இரவிலிருந்து கனமழை என்றார்கள். புது நடவு மேல் நாலு நாள் தண்ணி நின்றால் நாற்று மிதந்து வந்து வரப்போரம் ஒதுங்கும்.

கையால் நட ஏக்கருக்குப் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேண்டும். இரண்டு ஏக்கருக்கு முப்பது பேர். அன்றைக்கு பெரியபாளையம் பக்கத்திலிருந்து குட்டி யானையில் வந்து இறங்கியது 17 பேர்.

(நடவு மெஷின் வைக்கலாமே என்று கமெண்டில் கேட்பீர்கள். மெஷினுக்குப் பாய் நாற்றங்கால் தனியாகப் போடணும். 15, 18 நாள் இளநாற்றாக இருக்கணும். என்னுடையது ஏழு துண்டாக இருக்கிற கழனி, மெஷின் திரும்பவே இடம் போதாது.)

அந்தப் பதினேழு பேருக்கும் மேஸ்திரி ஒரு அம்மா. எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். என் அப்பா காலத்திலிருந்து இந்தக் கழனிக்கு வருகிறவர். கழனியை ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரெண்டு நாளு ஆவும்."

நான் கேட்கவில்லை. ஒரே நாளில் முடிக்கணும். ஆளுக்கு 400 ரூபாய் கூலி பேசியிருந்தது. நான் சூப்பர்வைசர் மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டேன். யார் அதிக நாற்று முடி நடுகிறார்களோ அந்த முதல் ஐந்து பேருக்கு 200 ரூபாய் கூடுதல். நோட்டு, பேனாவோடு வரப்பில் நின்று நானே எண்ணுவேன்.

பெரியக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். "இதெல்லாம் வேணாம் தம்பி" என்றார். நான் விடவில்லை. அதிகப் பணம் கொடுக்கிறேன் என்கிறேன், இதில் என்ன கெட்டுப் போய்விடும் என்று நினைத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் பறந்தது. எனக்கு ஒரே பெருமை. ஒன்பதரைக்குப் பார்த்தால் வரிசையே இல்லை. வேகமாக நடுகிற ஐந்தாறு பெண்கள் முன்னே போய்விட்டார்கள், மற்றவர்கள் பின்னால். நடுவில் நடாமல் விட்ட திட்டுகள். யாரும் பக்கத்து ஆளுக்கு முடி தள்ளிப் போடவில்லை. வழக்கமாகப் பாட்டு ஓடும், பேச்சு ஓடும், சிரிப்பு ஓடும். அன்றைக்குத் தண்ணிச் சத்தம் மட்டும்தான். முடி வீசுகிற பையனிடம் "எனக்கு இந்தாண்ட போடு, அவளுக்கே போடுறியே" என்று இரண்டு பேர் சண்டை. ஒரு குத்துக்கு மூணு, நாலு நாற்று வைக்க வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு. சீக்கிரம் முடி தீரணும் இல்லையா?

பத்தேமுக்கால் இருக்கும். பெரியக்கா நடுக்கழனியில் நின்றார். குனிந்து சேற்றுக்குள் கையை விட்டு ஒரு முழு முடியை வெளியே எடுத்தார். கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே காலால் மிதித்துச் சேற்றில் புதைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறணுமே. இரண்டடி தள்ளி இன்னொன்று. யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு முடியையும் கொண்டுவந்து என் காலடியில் வரப்பில் வைத்தார்.

"நீ எண்ணது முடிய. அதான் முடி தீந்துச்சு. நடவு ஆவல."

அப்புறம் திரும்பி "ஏறுங்கடி" என்றார். பதினேழு பேரும் கரையேறினார்கள். ஒருத்தரும் கத்தவில்லை. போர் தண்ணியில் கால் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். பாதி கழனி சேறாகக் கிடக்கிறது. பிடுங்கிய நாற்று வெயிலில் காய்கிறது. நான் கையில் நோட்டோடு நிற்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கழனி இல்லை. எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த ஒரு ஆபரேட்டர்.

2009-ல் நடந்தது. என் லைனில் ஒன்பது பேர். ஒரு மணி நேரத்துக்கு யார் எத்தனை பீஸ் அடித்தார்கள் என்று பேரோடு எழுத ஒரு போர்டு வைத்திருந்தேன். குறைந்தால் பேருக்கு எதிரே சிவப்புப் புள்ளி. அந்தப் போர்டு என்னுடைய யோசனைதான், மேலிடத்திலும் பாராட்டு கிடைத்தது. ஒரு நாள் இந்த ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "சார், டை தேஞ்சிருக்கு, பிசிர் வருது, கிரைண்டிங் அனுப்பணும்" என்றான். அனுப்பினால் இரண்டு மணி நேரம் போகும். அனுப்பினோம். அன்றைக்கு அவன் பேருக்கு எதிரே சிவப்புப் புள்ளியும் வைத்தேன். விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே.

இரண்டு மாதம் கழித்து அதே டை மறுபடியும் தேய்ந்தது. இந்த முறை அவன் மெஷினை நிறுத்தவில்லை. நாலாயிரம் பீஸ் பிசிரோடு போய், வாங்கினவர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்கள். எல்லார் முன்னாலும் நிற்க வைத்து "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேட்டேன். அவன் போர்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடுத்த மாசம் வேலையை விட்டுப் போய்விட்டான். அந்தச் சிவப்புப் புள்ளிதான் அவன் வாயை அடைத்தது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருந்தது எந்த ஊரில்? எங்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் பாடி. அங்கே சுந்தரம்-கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவுக்கு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அந்தப் பரிசை வாங்கிய முதல் கம்பெனி. 2002-ல் ஜப்பான் குவாலிட்டி மெடலும் வாங்கினார்கள். நான் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்ததும் 1998-ல்தான். அப்போது டீக்கடையில்கூட இதுதான் பேச்சு. பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் அடித்துக் கொடுக்கிற எங்களைப் போன்ற சின்ன ஷாப்புகளிலும் சார்ட், போர்டு, குவாலிட்டி சர்க்கிள் எல்லாம் வந்து இறங்கியது.

குவாலிட்டி சர்க்கிள் என்பது 1962-ல் ஜப்பானில் தொடங்கிய பழக்கம். இந்தியாவில் 1980-ல் ஐதராபாத் பெல் தொழிற்சாலையில் ஆரம்பித்தார்கள். மெஷினில் நிற்கிறவர்களே ஏழெட்டுப் பேராக உட்கார்ந்து, தங்கள் வேலையில் எங்கே சிக்கல் என்று தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே சரிசெய்வது. டெமிங் என்பவர் அமெரிக்கப் புள்ளியியல்காரர். 1950-ல் ஜப்பான் போய்ப் பாடம் எடுத்தவர். அவருடைய 14 கட்டளைகளை எங்கள் ஷாப்பிலும் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். எட்டாவது, வேலை செய்கிற இடத்திலிருந்து பயத்தை விரட்டு. பதினொன்றாவது, இத்தனை அடித்தே ஆகணும் என்ற எண்ணிக்கை இலக்கை எடுத்துவிடு. கெட்டுப்போகிற வேலையில் பெரும்பகுதி வேலை அமைந்திருக்கிற முறையினால்தான், ஆளினால் இல்லை என்று அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஃபிரேமுக்கு நேர் கீழேதான் என் போர்டு தொங்கியது. சிவப்புப் புள்ளியோடு. நான் தினமும் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் போய்வந்தேன்.

சரி, வேப்பமரத்தடிக்கு வருகிறேன்.

அரை மணி நேரம் வரப்பிலேயே நின்றேன். பிறகு போய் பெரியக்கா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுதான்கா" என்றேன்.

"எது தப்பு?"

"காசு ஆசை காட்டினது."

"காசு குடுத்தா யாரு வேணான்றது? எல்லாருக்கும் குடு, வாங்கிக்கிறோம்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவளுங்க தெனமும் ஒண்ணா வண்டி ஏறி வரவளுங்க. நாளைக்கு வேற கழனி, நாளன்னைக்கு வேற கழனி. நீ ஒரு நாளு குடுக்கற எரநூறு ரூபாய்க்கு இவளுங்கள பிரிச்சி உட்டுட்டா, அப்பறம் எனுக்கு யாரு சேத்துக் குடுப்பா?"

பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்று நிபந்தனை போட்டார். ஒன்று, பரிசு கிடையாது. இரண்டு, இன்றைக்கு முடிகிற வரைக்கும்தான் நடவு, மிச்சம் நாளைக்கு, கூலி இரண்டு நாளைக்கும் முழுசாக. மூன்றாவதைச் சொல்லும்போது என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "அத்த வூட்ல வெச்சிட்டு வா. வரப்புல நிக்காத. நாத்து தூக்கு."

தூக்கினேன். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நாற்றங்காலிலிருந்து முடி சுமந்து வீசியது நான்தான். அப்படிக் கழனிக்குள் இறங்கி நின்ற பிறகுதான், இருபது வருஷமாகப் பார்த்தும் பார்க்காத விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, நிற்கிற இடம். வரிசையின் இரண்டு கோடியிலும் பெரியக்கா வைப்பது ரொம்ப வேகமானவர்களை இல்லை. ஒரே சீராக நடுகிறவர்களை. வரிசை நேராகப் போவது கோடி ஆள் கையில்தான் இருக்கிறது. வேகமானவர்களை நடுவில் வைக்கிறார். ஒவ்வொரு வேகக்காரிக்குப் பக்கத்திலும் ஒரு மெதுவான ஆள். மெதுவான ஆள் அரை அடி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் கையை எட்டிப் போட்டு அவள் பங்கில் இரண்டு குத்து நட்டுவிடுகிறாள். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. காலையில் நான் பரிசு அறிவித்ததும் முதலில் நின்றுபோனது இந்த எட்டிப் போடும் கைதான்.

இரண்டாவது, புது ஆள். அந்தக் குழுவில் கல்யாணமாகி வந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். நடவுக்குப் புதுசு. அவளுக்கும் அதே 400. இது நியாயமா என்று சாயங்காலம் கேட்டேன். "இன்னிக்கி அவ மெதுவா நடுவா. இன்னும் ரெண்டு வருசத்துல எனுக்கு இடுப்பு புடிச்சிக்கும், அப்ப அவ எட்டிப் போடுவா" என்றார். இது தர்மம் இல்லை, கணக்கு. ஒரு நாள் கணக்கில் நஷ்டமாகத் தெரிவது பத்து வருஷக் கணக்கில் சரியாக வருகிறது.

மூன்றாவது, எண்ணிக்கை. பெரியக்கா ஒரு கழனித் துண்டில் எட்டு, ஒன்பது பேருக்கு மேல் இறக்குவதில்லை. மிச்சப் பேரை அடுத்த துண்டில் தனி வரிசையாக விடுகிறார். ஏன் என்று கேட்டால் "கூட்டமா நின்னா கூட்டந்தான் நிக்கும்" என்கிறார்.

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் போனில் எதையோ தேடிக் காட்டினான். மாக்ஸ் ரிங்கெல்மன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். நம்ம ஆள், விவசாயப் பொறியாளர். மாடு, மனுஷன், இயந்திரம் எது எவ்வளவு இழுக்கும் என்று ஆராய்ந்தவர். 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்தார். 1913-ல் அதை வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருத்தரின் இழுப்பும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒருத்தர் பங்கு, தனியாக இழுத்ததில் சுமார் பாதிதான். காரணம் சோம்பல் மட்டும் இல்லை என்றும் சொன்னார். எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருத்தர் இழுக்கும்போது இன்னொருத்தர் மூச்சு வாங்குகிறார்.

அப்போதுதான் எனக்கு நடவுப் பாட்டு எதற்கு என்று புரிந்தது. அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாடுகிறார்கள் என்றுதான் நாம் எல்லாரும் சொல்வோம். அது பாதிதான். முன்னத்தி ஆள் ஒரு அடி எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, அந்தத் தாளத்தில்தான் குனிகிற முதுகும் நடுகிற கையும் பின்னே வைக்கிற காலும் சேர்ந்து போகின்றன. காலையில் என் பரிசு பாட்டை நிறுத்தியது. பாட்டு நின்றதும் வரிசை உடைந்தது.

நாலாவது விஷயம்தான் எனக்கு ரொம்பச் சுட்டது. மத்தியானம் மூணு மணிக்கு அந்தச் சின்னப் பெண் நின்றபடி, "யக்கா, பின்னால ஒரு மொழம் நான் ஆழமா ஊனிட்டேன்" என்று கத்தினாள். நாற்றை ஆழமாக ஊன்றினால் தூர் வெடிக்காது. யாரும் பார்க்கவில்லை. தண்ணிக்கடியில் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது? அவளே சொன்னாள். பெரியக்கா திட்டவில்லை. "பாத்துட்ட இல்ல, போய் எடுத்து ஊனு" என்றார். பக்கத்து ஆள் ஒருத்தியும் கூடப் போனாள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியை 1990-களில் ஆஸ்பத்திரி நர்ஸ் குழுக்களை ஆராய்ந்தாராம். இதுவும் மருமகன் சொன்னதுதான், பயிற்சியில் கேட்டானாம். நல்ல குழுவில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர், நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைப் பார்த்துக் குழம்பிப் போனார். பிறகுதான் விளங்கியது. அவர்கள் அதிகமாகத் தவறு செய்யவில்லை. செய்த தவறை வெளியே சொன்னார்கள். மற்ற குழுக்களில் மறைத்துவிட்டார்கள்.

அந்தச் சின்னப் பெண் கத்தியதையும், என் ஆபரேட்டர் தலைகுனிந்து நின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷமும் நாலாயிரம் பீஸும்.

பெரியக்காவை நான் ரொம்ப நல்லவராகக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மனுஷி கறார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தன் சொந்த ஓரகத்தியையே குழுவிலிருந்து எடுத்துவிட்டார். மெதுவாக நட்டதற்கு இல்லை. நன்றாக நடத் தெரிந்தும் கழனிக்காரன் கண் மறைந்தால் தூரம் தூரமாக நட்டுவிட்டுப் போவாளாம். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் வண்டியில் ஏற்றவில்லை. வீட்டில் ஆறு மாசம் பேச்சுவார்த்தை கிடையாது. "தெரியாதவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம். ஏமாத்தறவ பங்க மத்தவ ஏன் செமக்கணும்?" என்பதுதான் அவர் நியாயம். அந்த முடிகளைப் புதைத்தது யார் என்று அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று பிறகு ஒரு நாள் விசாரித்தேன். "அது எனுக்குத் தெரியும். அவள அப்பிடி பண்ண வெச்சவன் நீ. அதான் உன்னாண்ட வெச்சேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒன்றேகால் ஏக்கர் முடிந்தது. மிச்சம் மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்தது. மழை அன்றைக்கு ராத்திரிதான் வந்தது. நல்ல மழை. வரப்பை வெட்டி விடியவிடியத் தண்ணியை வடித்தோம். மத்தியானத்துக்கு அப்புறம் நட்டதெல்லாம் நின்றது. காலையில் என் பரிசுக்காக நட்ட துண்டில்தான் நாற்று மிதந்தது. அங்கே ஒரு பக்கம் கொத்துக் கொத்தாக அடர்த்தி, ஒரு பக்கம் வெறும் சேறு. போக்கு நடவுக்கு மறுபடி நாலு பேருக்குக் கூலி கொடுத்தேன். அப்படியும் அறுவடையில் அந்தத் துண்டு மட்டும் பக்கத்துத் துண்டைவிட நாலு மூட்டை குறைவு. எண்ணிக்கை பிடிக்கும் என்பதால் இதையும் எண்ணி வைத்தேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க டீம்லயும் வாரா வாரம் யாரு எத்தன டிக்கெட் முடிச்சாங்கன்னு ஒரு லிஸ்ட் போடுறோம் மாமா. நான்தான் கொண்டுவந்தேன்" என்றான்.

"டிக்கெட் தீருதா?"

"தீருது. ஆனா ஒரே பிரச்சன மூணு தரம் திரும்பி வருது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கே புரிந்திருக்கும். பேன்டைச் சுருட்டிக்கொண்டு கழனியில் இறங்கி, நாலு மணி வரைக்கும் முடி தூக்கினான். பெரியக்கா அவனைப் பார்த்து "ஆபீசு புள்ள பரவால்லியே" என்றார். ஊருக்குப் போகும்போது அந்த லிஸ்ட்டை எடுத்துவிடப் போவதாகச் சொன்னான். எடுத்தானா, போன மூன்று பேருக்குப் பிறகு நாலாவது ஆள் நிற்பானா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் மேலே இருப்பவர்கள் அவனைப் பார்த்து என்ன எண்ணுகிறார்களோ! கழனியில் எனக்கு மேலே ஆள் இல்லை, நோட்டை வீட்டில் வைப்பது எனக்குச் சுலபம். அவனுக்கு அவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று.

போன வருஷ நடவுக்குப் பிறகு அந்த ஆபரேட்டரைத் தேட ஆரம்பித்தேன். பழைய ஆட்கள் நாலு பேரைக் கேட்டு நம்பர் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மாசம் சும்மா இருந்தேன். பிறகு ஒரு நாள் போர் செட்டில் உட்கார்ந்து போன் போட்டேன். பேரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துவிட்டது. இப்போது சொந்தமாக ஒரு லேத் வைத்திருக்கிறான், கூட இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்களாம்.

"அன்னிக்கு டை விஷயத்துல தப்பு உன்மேல இல்லப்பா. நான் வெச்ச போர்டு மேலதான். அத்த அப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. "அதெல்லாம் எப்பவோ போச்சு சார்" என்றான். போகவில்லை என்பது குரலில் தெரிந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து நாலு நிமிஷம் பேசினால் போய்விடுமா? பிறகு அவனே கேட்டான், "நீங்க நெல்லு போடுறீங்களாமே சார், எப்படி இருக்குது?" பாபட்லா போட்டிருப்பதைச் சொன்னேன். அறுவடைக்கு வா, ஒரு மூட்டை அரிசி எடுத்து வைக்கிறேன் என்றேன். பார்க்கிறேன் என்றான். வரவில்லை. எடுத்து வைத்த மூட்டையைத் தை முடிகிற வரை வைத்திருந்துவிட்டு வீட்டுக்கே எடுத்துக்கொண்டோம். இந்த வருஷமும் கூப்பிடுவேன்.

இந்த வருஷ நடவு இரண்டு நாள் பிடித்தது. இரண்டு நாள் என்று பெரியக்கா சொன்னார், இரண்டு நாளுக்கு ஆள் பேசினேன். பாட்டும் இருந்தது. இரண்டாம் நாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வரிசையில் அந்தச் சின்னப் பெண் அவர் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கை எட்டி எட்டிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த பதிவில் களை பற்றி எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அரிசி கேட்டவர்கள் தை மாசம் வரை பொறுத்துக்கொள்ளவும்.